வராத நாய்க்கு ஒரு சிவப்புக் கொடி

நான் கோயம்புத்தூர்க்காரன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். புனேவுக்கு வேலைக்கு வந்த புதிதில், ஹிஞ்சேவாடி போகும் கம்பெனி கேபில் ஒருவர், "கோயம்புத்தூரா? அங்கதானே கார் ரேஸெல்லாம் நடக்கும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு டிராஃபிக்கில் வண்டி நகரவே இல்லை. கேபில் இருந்த எல்லோரும் வேறு வேலையில்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா ரேஸ் சத்தம் காதைப் பிளக்கும்" என்றேன். உண்மையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் காதைப் பிளப்பது எதிர் வீட்டு மாவு மில்.

அந்தப் பொய் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. நான் கம்பெனி மாற மாற அதுவும் பதவி உயர்வு பெற்றது. முதலில் சத்தம் மட்டும் கேட்டவன், பிறகு டிக்கெட் எடுத்துப் பார்த்தவனானேன். அதற்கும் பிறகு, ரேஸ் வண்டி ஷெட்டில் கூடமாட ஒத்தாசை செய்தவனானேன். இப்படியே போனால் ஓய்வு பெறுவதற்குள் கோப்பை வாங்கியவனாகிவிடுவேனோ என்று எனக்கே கவலையாக இருந்தது.

இதில் வேடிக்கை, எனக்குக் கார் என்றால் பயம். லைசென்ஸ் இருக்கிறது, பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் அதுவும் பத்திரமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது மனைவி. அவள் புனேயிலேயே, கட்கியில் பிறந்தவள். மாமனார் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கட்கி பஜார் சந்துகளில் டெம்போவுக்கும் எருமைக்கும் நடுவில் வண்டி ஓட்டிப் பழகியவளுக்குப் புனேயின் எந்த ரோடும் பெரிய ரோடுதான். நான் பக்கத்து சீட்டில், கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சர்வீஸுக்கு விட்டபோது அந்தக் கைப்பிடி ஆடுவதைப் பார்த்து, "இதுல ஏதாச்சும் மூட்டை தொங்க விடுறீங்களா?" என்று கேட்டார்கள். மனைவி என்னைக் காட்டினாள்.

ஆகுர்டியில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதுதான் இது ஆரம்பித்தது. ஒரு காலி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை வரிசையாகவும் வளைவாகவும் வைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு கார் புழுதி கிளப்பிக்கொண்டு சுற்றியது. அது நின்றதும் அடுத்தது. ஒரு நேரத்தில் ஒரு கார்தான். யாரையும் முந்த வேண்டாம், கடிகாரத்தை முந்தினால் போதும். ஆட்டோகிராஸ் என்று பெயர். வீட்டுக் காரையே ஓட்டலாம். மனைவி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காருக்குள் உட்கார்ந்து பசிக்கிறது என்றேன், வெயில் என்றேன், சிறுநீர் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் திரும்பி வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தாள்.

"எனக்கு இது வேணும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் நிறைய கேட்டிருக்கிறாள். கிரைண்டர், பால்கனிக்கு வலை, பையனுக்கு மேஜை. எல்லாம் வீட்டுக்கு. அந்த "எனக்கு" என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதனால் என்னால் சிரித்து மழுப்ப முடியவில்லை. சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அதில் சேர்த்த பணம் ஒரு டப்பாவில் இருந்தது. டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

"இதுக்குள்ள முடியற மாதிரி ஒரு க்ளப் பாருங்க. உங்களுக்குத்தான் ரேஸ் பத்தி எல்லாம் தெரியுமே" என்றாள். குத்தலா நம்பிக்கையா என்று இன்றுவரை தெரியவில்லை.

பார்த்தேன். ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். அவள் பட்ஜெட்டைக் கவனித்தாள். நான் வேகத்தைக் கவனித்தேன். புனேயிலேயே மெதுவாக ஓடும் ரேஸ் க்ளப் எது என்பதுதான் என் தேடல்.

முதலில் மலைப்பக்கம் இருந்த ஒரு க்ளப். அங்கே காப்பி மெஷினெல்லாம் இருந்தது. அதைப் பார்த்தவுடனேயே டப்பா பத்தாது என்று தெரிந்துவிட்டது. ஒரு காரை எட்டிப் பார்த்தேன், பின்சீட்டையே காணோம். "எடையைக் குறைக்கக் கழட்டிட்டோம், சார்" என்றார் கார்க்காரர்.

மனைவி என் வயிற்றைப் பார்த்தாள். "அரே, நம்ம வண்டில சீட்டைக் கழட்ட வேணாம். இவரை இறக்கி விட்டாலே போதும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இறக்கி விடப்படுவது நல்லதுதானே.

அடுத்தது லோஹேகாவ் பக்கம். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் நடத்தியது. கட்டணம் குறைவு, ஒழுங்கு அதிகம். என் மனைவியின் ஷூவைப் பார்த்தார், பார்வையைச் சோதித்தார், கேள்வி கேட்டார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து விமானதளத்திலிருந்து ஒரு போர் விமானம் கிளம்பித் தலைக்கு மேலே போனது. வானமே கிழிந்த மாதிரி ஒரு சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் மேஜைக்கு அடியில் இருந்தேன் என்பது. எதிரே பெரியவரின் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ.

மனைவி குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "ப்ளேன் போயிடுச்சு. வெளிய வாங்க."

"பேனா விழுந்துருச்சு, கண்ணு" என்றேன். வெளியே வந்தபோது என் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார்; பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வரும் வழியில், "அவங்க கேக்கற ஹெல்மெட் விலை நமக்குக் கட்டாது. டயர் வேற புதுசா மாத்தணுமாம்" என்றேன். டயர் விஷயம் பெரியவர் சொல்லாதது. அவர் முகத்தில் மறுபடி விழிக்க முடியாது என்பதற்கு நான் போட்ட விலை அது.

ஆக, ஆகுர்டி மைதானமே மிஞ்சியது. கார்த் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் க்ளப். அந்தப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை; அதனால் இவர்களுடைய ரேஸும் வியாழக்கிழமை. தார்ப்பாய்க்குக் கீழே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து அவல் போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பழைய கார்கள். ஒரு காரின் முன்னால் எலுமிச்சை மிளகாய் தொங்கியது. இன்னொன்றின் பின்கண்ணாடியில் குழந்தை ஒட்டிய பொம்மை ஸ்டிக்கர். இவர்கள் எங்கே வேகமாக ஓட்டப் போகிறார்கள் என்று எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

செயலாளர் குண்டாக, சத்தமாக இருந்தார். தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு அண்ணாதான். இந்தியும் மராத்தியும் கலந்து விதிகளைச் சொன்னார். புதிதாகச் சேர்பவருக்கு மூன்று ஓட்டம். அதில் ஒன்றாவது சுத்தமாக இருக்க வேண்டும். கோனைத் தொடக்கூடாது, எந்த வளைவையும் விட்டுவிடக்கூடாது. சுத்தமாக ஓடினால் க்ளப்பில் சேரலாம். இல்லையென்றால் மழைக்காலம் முடிந்து அடுத்த தேர்வு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"கட்டணத்துல பாதி குறைக்கலாம், அண்ணா. வீட்டு ஆள் ஒருத்தர் மார்ஷலா நிக்கணும். கொடி பிடிக்கணும், விழுந்த கோனை எடுத்து வெக்கணும். எங்களுக்குக் கை பத்தல."

பாதிக் கட்டணம். டப்பாவில் மீதியே இருக்கும். மனைவி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா எந்த ஊர்?" என்றார் செயலாளர்.

சொல்லியிருக்கவே கூடாது.

"அரே வா! கோயம்புத்தூரா!" என்று என் முதுகில் அறைந்து, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். "ரேஸ் ஊர்க்காரர் வந்திருக்கார். பெரிய வளைவை இவர்கிட்ட குடுங்க."

பெரிய வளைவு என்பது மைதானத்தின் கடைக்கோடி. நேராக முழு வேகத்தில் வரும் வண்டி அங்கேதான் சட்டென்று திரும்ப வேண்டும். பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே ஏதாவது ஆபத்து என்றால் சிவப்புக் கொடி காட்ட வேண்டும். கொடியைப் பார்த்தால் ஓட்டுபவர் அந்த இடத்திலேயே நிறுத்தியாக வேண்டும். இவ்வளவு பொறுப்பான இடத்தை, விமானச் சத்தத்துக்கு மேஜைக்கு அடியில் போனவனிடம் கொடுத்தார்கள். ஒரு ஆரஞ்சு கோட்டையும் மாட்டிவிட்டார்கள். வயிற்றுக்கு மேல் பட்டன் எட்டவில்லை.

தேர்வு நாளன்று காலையிலேயே என் கணிப்பு தவறு என்று தெரிந்துவிட்டது. எலுமிச்சை மிளகாய்க் கார்தான் எல்லாவற்றிலும் வேகமாக வந்தது. அது வளைவில் திரும்பியபோது புழுதிக்குள் அந்த எலுமிச்சம்பழம் படுக்கைவாட்டில் பறந்ததைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் தாண்டிப் போன பிறகு திறப்பது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நன்றாகத்தான் வேலை செய்தது. விழுந்த கோன்களை ஓடிப் போய் நிமிர்த்தினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கு அடுத்த வளைவில் ஒரு மராத்தி அம்மாள் குடையோடு நின்றார். அவர் கணவரும் அங்கே ஓட்டுபவர். அந்த க்ளப்பில் ஒரு வழக்கம் உண்டு: தன் வீட்டு வண்டி ஓடும்போது மார்ஷல் அதே இடத்தில் நிற்கமாட்டார், பக்கத்து வளைவுக்காரரோடு இடம் மாறிக்கொள்வார். சொந்த ஆளைப் பார்த்தால் கை தானாகக் கொடியைத் தூக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் மனைவி முதல் ஓட்டத்துக்கு வரிசையில் நின்றபோதே அந்த அம்மாள் குடையை ஆட்டினார். அவருக்கு நான் பாவூ, அதாவது அண்ணன். "பாவூ, உங்க மேடம் வண்டி வருது. நீங்க இங்க வாங்க, நான் அங்க போறேன்." இடம் மாறினோம். முதல் ஓட்டத்தில் அவள் ஒரு கோனைத் தட்டிவிட்டாள். இரண்டாவதற்கும் மாறினோம். அதில் பதற்றத்தில் ஒரு வளைவையே விட்டுவிட்டாள். மிச்சம் ஒன்றுதான். தூரத்தில் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரலால் காற்றில் பாதையை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வரைவது, தலையாட்டுவது, மறுபடி முதலிலிருந்து வரைவது. டியூஷனில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே விரல்.

மூன்றாவதற்கும் குடை ஆடியது. "பாவூ, மாறிக்கலாம்!"

அங்கே நிழலில்லை, நடக்கவும் சோம்பல். அதைவிட, கோட்டு போட்டுக் கொஞ்ச நேரத்தில் மனிதனுக்குத் தலைக்கனம் வந்துவிடுகிறது. "வேண்டாம், தாயீ. கோயம்புத்தூர்ல எத்தனை ரேஸ் பாத்திருக்கேன். எனக்கு வீட்டு வண்டி, வெளி வண்டி எல்லாம் ஒண்ணுதான்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"நக்கி?" என்றார். நிச்சயமாகவா என்று அர்த்தம்.

"நக்கி" என்றேன்.

கார் கிளம்பியது. எங்கள் கார். காய்கறி வாங்கப் போகும் கார். அதிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. முதல் வளைவு, கோன் அசையவில்லை. அடுத்தது, அசையவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ விசிலடித்தார்கள். பிறகு நேர்பாதைக்குள் வந்து என்னைப் பார்த்துப் பாய்ந்தாள். உள்ளே இருப்பது அவள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் மறந்துபோனது. கண்ணை மூடினேன். கை கொடியைத் தூக்கியது. தூக்கியது மட்டுமில்லை, ரயிலை நிறுத்துபவன் மாதிரி இரண்டு கையாலும் ஆட்டியிருக்கிறேன். அது பிறகு மற்றவர்கள் நடித்துக் காட்டித் தெரிந்தது.

பிரேக் சத்தம். பிறகு எதுவுமில்லை.

கண்ணைத் திறந்தபோது கார் கோனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. எந்தக் கோனும் விழவில்லை. எல்லாம் அழகாக நின்றன. உள்ளே அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "க்யா ஹுவா, அண்ணா? என்ன ஆச்சு? ஆயில் கொட்டியிருக்கா?"

எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தேன். "குத்தா" என்றேன். "நாய். குறுக்க ஓடிச்சு."

அவ்வளவுதான், க்ளப்பே நாய் தேடக் கிளம்பியது. ஒருவர் குச்சி எடுத்தார். இன்னொருவர் பிஸ்கட் எடுத்து, "ஆ, ஆ" என்று கூப்பிட்டுக்கொண்டே புதருக்குள் நுழைந்தார். என்ன நிறம் என்று கேட்டார்கள். பிரவுன் என்றேன். பெரியதா என்றார்கள். நடுத்தரம் என்றேன். கூடவே நானும் ஓர் ஓரமாகக் குனிந்து தேடினேன். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. நாய் வர வழியே இல்லை என்பதை வேலி போட்டவர்களே மறந்துவிட்டு எனக்காகத் தேடினார்கள். குடைக்கார அம்மாள் மட்டும் நகரவில்லை. அவர் நாய் எதையும் பார்த்திருக்கவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை என்பதைத்தான் பார்த்திருக்கிறார்.

செயலாளர் காரின் ஜன்னல் பக்கம் குனிந்தார். "மேடம், கவலைப்படாதீங்க. நாய் வந்தது உங்க தப்பு இல்ல. இன்னொரு ஓட்டம் தர்றேன். அதான் ரூல்."

எனக்கு உயிர் வந்தது. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மனைவிக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். ஒத்துக்கோ. நாய்தான். பிரவுன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளுக்கு அந்த ஓட்டம் எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு தலையாட்டல் போதும்.

"குத்தா நஹீ தா" என்றாள். "மேரா பதி தா."

நாய் இல்லை, என் வீட்டுக்காரர்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. பிஸ்கட்காரர் புதரிலிருந்து வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டு, தெரிந்ததும் அந்த பிஸ்கட்டை என்னிடமே நீட்டினார். நானும் சிரித்தேன். என் பழக்கமே சிரித்து மழுப்புவதுதானே. ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே காது மடல் எரிந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

செயலாளர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். காரணமில்லாமல் வீட்டு ஆள் காட்டிய கொடிக்கு மறு ஓட்டம் கிடையாது. கொடுத்தால், ஓட்டம் கெட்டுப்போகும்போதெல்லாம் ஆளாளுக்கு வீட்டுக்காரரைக் கொடியாட்டச் சொல்லுவார்கள். நியாயம்தான். "மாஃப் கரோ, மேடம். மழை முடிஞ்சதும் வாங்க" என்றார். அவளுக்கு முகம் ஒரு தடவை இறுகி, பிறகு சரியானது. "டீக் ஹை" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட வண்டியை நகர்த்தினாள்.

என்னிடமிருந்து கொடியை வாங்கிக்கொண்டார்கள். கோட்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நான் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. பிடிக்க வெட்கமாக இருந்தது. ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது.

"பச்சை" என்றேன்.

"தெரியுது. நீங்க கொடி ஆட்டுங்க, போறேன்."

ஆட்ட ஒன்றுமில்லாததால் கைக்குட்டையை எடுத்து ஆட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கார் மட்டும் நகர்ந்தது.

வீட்டுக்குக் கிட்டே வந்ததும், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நிறுத்தறதுக்கு முன்னாடி, அந்த வளைவுக்குள்ள நான் எப்படி வந்தேன்? எனக்கு உள்ள இருந்து தெரியல. சரியாத்தான் திரும்பிட்டேன்னு தோணிச்சு. நீங்கதான் கிட்டத்துல நின்னீங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவளுடைய ஒரே நல்ல ஓட்டம். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரே ஒரு ஆள் இருந்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம், ரேஸ் பார்க்காமலேயே ரேஸ் கதை சொல்லி இத்தனை வருடம் ஓட்டியவனுக்கு ஒரு வளைவு பெரிய விஷயமா? வாய்வரைக்கும் வந்தது. "சும்மா வெண்ணெய் மாதிரி திரும்புன" என்று. நாய்க்கு நிறம் சொன்ன அதே வாய்.

"பாக்கல" என்றேன். "கண்ணை மூடிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அதற்கு அவள் கோபப்பட்டிருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன். வண்டியை எங்கள் கட்டடத்துக்குக் கீழே, இரண்டு தூணுக்கு நடுவில், ஒரே திருப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். தினமும் அப்படித்தான் நிறுத்துகிறாளாம். அதற்கும் நான் தினமும் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது வியாழக்கிழமைகளில் நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக ஏற்பாடு. பார்ப்பது ஆகுர்டி மைதானத்தின் ஓரத்தில், கோன் எடுத்து வைக்கும் வேலை. போக வேண்டும் என்று சொன்னது மனைவி. "கண்ணைத் திறந்து நின்னு பழகுங்க. மழை முடிஞ்சு நான் ஓடும்போது எனக்குப் பாக்கறதுக்கு ஆள் வேணும்" என்றாள். தன் கார் ரேஸில் ஓடாவிட்டாலும் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே குடைக்கார அம்மாளோடு உட்கார்ந்து மற்றவர்களின் பாதையை விரலால் வரைகிறாள். க்ளப்பில் என்னைக் குத்தா அண்ணா என்கிறார்கள். போன வாரம் ஒரு ஆபீஸ் மீட்டிங் நடுவில், பின்னால் என்ன சத்தம் என்று கேட்டார்கள். மாவு மில் என்றேன்.

வீடு திரும்பும்போது அவள் ஒன்றுதான் கேட்கிறாள்.

"இன்னிக்கு எத்தனை வண்டிய பாத்தீங்க?"

"பாதி இருக்கும்."

"நிஜமா?"

"பாதிக்கும் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"பரவால்ல" என்று கியரை மாற்றினாள். "மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."